மலைப்பள்ளியும் தாய்மொழியும்

நாம் வாழும் பெஹாலாவிலிருந்து வடக்கே, இதே மேற்கு வங்க மாநிலத்தில், காலிம்பொங் என்னும் மலையூர் உள்ளது. சியால்டாவில் இரவு தொடர்வண்டி ஏறினால் காலையில் நியூ ஜல்பாய்குரியை அடையலாம். அங்கிருந்து தீஸ்தா ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலை நம்மை அவ்வூரில் சேர்க்கும். ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரில், நூற்றாண்டு கடந்த உறைவிடப்பள்ளி ஒன்று இன்றும் இயங்குகிறது. டாக்டர் கிரகாம்ஸ் ஹோம்ஸ் என்பது அதன் பெயர். வீட்டைப் பிரிந்து வாழும் தமிழராகிய நாம் அதன் வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

ஜான் ஆண்டர்சன் கிரகாம் என்னும் சமயப்பணியாளர் 1889-இல் ஸ்காட்லாந்திலிருந்து காலிம்பொங் வந்தார். டார்ஜிலிங், துவார்ஸ், அசாம் தேயிலைத் தோட்டங்களில், பிரித்தானிய மேலாளர்களுக்கும் நேபாளி, லெப்சா, காசி முதலிய இனப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள் ஆதரவின்றி வளர்வதைக் கண்டு அவர் வருந்தினார். அவர்களுக்காக 1900 செப்டம்பர் 24 அன்று, வாடகை வீடொன்றில் ஆறு குழந்தைகளுடன் இப்பள்ளியைத் தொடங்கினார். அன்று அதற்குச் செயின்ட் ஆண்ட்ரூஸ் காலனியல் ஹோம்ஸ் என்று பெயர்.

அங்குள்ள வாழ்க்கை கட்டொழுங்கு மிக்கது. பிள்ளைகள் தனித்தனிக் குடில்களில் வாழ்ந்தனர். ஒரு குடிலில் ஏறத்தாழ 30 பேர் இருப்பர். 'ஆன்ட்டி' எனப்பட்ட இல்லப் பொறுப்பாளர் அவர்களைப் பேணினார். பெருக்குதல், துவைத்தல், சமையலுக்கு உதவுதல் ஆகியவற்றைப் பிள்ளைகளே செய்தனர். பணியாளர் இல்லாத அயல்நாடுகளில் வாழ அவர்களைப் பழக்குவதே இதன் நோக்கம். 1908 முதல் 1938 வரை 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர்.

பள்ளி அவர்களுக்கு உணவும் கல்வியும் எதிர்காலமும் தந்தது. ஆனால், பள்ளியின் மொழி ஆங்கிலம். தாயின் மொழிக்கு அங்கே இடமில்லை. தாயரோடு இருந்த தொடர்பும் பெரும்பாலும் அறுந்துபோனது. நியூசிலாந்து சென்றோரில் பலர் தம் பிள்ளைகளிடம்கூடத் தம் பிறப்பைப் பற்றிப் பேசவில்லை. அவ்வாறு சென்ற ஒருவரின் பேத்தியாகிய வரலாற்றாளர் ஜேன் மெக்கேப், பழைய ஆவணங்களைத் தேடித் தேடியே அவ்வரலாற்றை மீட்டெடுத்தார்.

அன்றைய சூழலில் வேறு வழியில்லை என்று சிலர் கூறுவர். கிரகாம் செய்த உதவி பெரிது என்பதை நானும் மறுக்கவில்லை. எனினும், ஆங்கிலம் கற்பதற்காகத் தாய்மொழியை இழக்கவேண்டிய தேவை எந்தக் குழந்தைக்கும் இல்லை. ஒரு மொழி போகும்போது, தாய் சொன்ன கதையும் உறவுமுறைப் பெயர்களும் அதனோடு போய்விடுகின்றன. ஒரு பள்ளியை மதிப்பிடும்போது, அது கொடுத்தவற்றோடு எடுத்துக்கொண்டவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவர்களே, உங்கள் நிலை வேறு. நீங்கள் மாலைதோறும் அம்மாவிடம் திரும்புகிறீர்கள். தமிழ் பேசக்கூடாது என்று உங்களை எவரும் தடுக்கவில்லை. ஆயினும், அம்மா தமிழில் கேட்கும் கேள்விக்கு இந்தியில் விடை சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் பெருகிவருகிறது. காலிம்பொங் குழந்தைகளிடமிருந்து பிறர் பறித்ததை, நாம் நம் கையாலேயே கைவிடலாமா?

வங்கமும் இந்தியும் ஆங்கிலமும் நன்கு கற்றுக்கொள்ளுங்கள். அவை உங்களை உயர்த்தும். அவற்றோடு, மாதம் ஒருமுறை ஊரிலுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஒரு பக்கக் கடிதம் தமிழில் எழுதுங்கள். பிழை இருந்தாலும் அவர்கள் மகிழ்ந்து படிப்பார்கள். எழுத எழுதப் பிழையும் குறையும்.

சிந்தித்து எழுதுக

1. மலைப்பள்ளிக் குழந்தைகள் பெற்றவை யாவை? இழந்தவை யாவை?
2. ஆசிரியரின் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் கூறி ஐந்து வரிகளில் எழுதுக.
3. உன் வீட்டில் மட்டும் வழங்கும் தமிழ்ச் சொற்கள் பத்தினை அம்மாவிடம் கேட்டு எழுதுக.