படகுக்கும் வேண்டும் டூல் பாக்ஸ்



நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வடக்கே கிளம்பும் லாரி எதுவும் டூல் பாக்ஸ் இல்லாமல் போகாது. ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஃபேன் பெல்ட், பல்பு, ஃபியூஸ், கட்டுக்கம்பி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிரைவர் ஸ்டியரிங்கைத் தொடுவார். யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் ஊர்ப் படகுகளுக்கு அந்த அக்கறை கிடைக்கிறதா?

பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்குக் காவிரியில் விசைப்படகு ஓடுகிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடிக்கும் நாகமரைக்கும் இடையே படகில் போய் வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், உறவு வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பியவர்கள் என்று எல்லாரும் ஏறுகிறார்கள். சில படகுகளில் டூ வீலரும் ஏறுகிறது. ரோட்டில் சுற்றிப் போனால் நேரமும் பணமும் வீண் என்பது அந்தக் கரையோர வீடுகளுக்குத் தெரியும்.

லாரி நின்றால் ஓரம் கட்டலாம். நடு ஆற்றில் மோட்டார் நின்றால்? நீரோட்டம் படகைச் சும்மா நிற்க விடாது.

இத்தனைக்கும் மோட்டார் நிற்பது பெரும்பாலும் சின்னக் கோளாறால்தான். பிளக்கில் கரி படிந்திருக்கும். பெட்ரோல் ட்யூப் விரிசல் விட்டிருக்கும். ஸ்டார்ட்டர் கயிறு அறுந்திருக்கும்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. 1934-ல் அணை கட்டி முடிந்தபோது பல ஊர்கள் தண்ணீருக்குள் போயின. முழு அளவான 120 அடியிலிருந்து நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி வெளியே தெரியும். போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த மாதம் பாறையோ பழைய சுவரோ புரொப்பல்லரில் இடிக்கலாம்.

அதற்காகவே சிறிய மோட்டார்கள் பலவற்றில் ஒரு மெல்லிய பின் இருக்கும். புரொப்பல்லரில் அடி விழுந்ததும் அந்தப் பின் உடைந்து, என்ஜினைக் காப்பாற்றிவிடும். ஆனால் என்ஜின் ஓடினாலும் புரொப்பல்லர் சுற்றாது. மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து, புரொப்பல்லரைக் கழற்றி, உடைந்த துண்டுகளைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுப் பின்னைச் செருக வேண்டும். கட்டிங் பிளேயரும் ஸ்பேர் பின்னும் கையில் இருந்தால் சில நிமிட வேலை. இல்லாவிட்டால் துடுப்பே கதி.

பெட்டியில் வேறு என்ன வேண்டும்? பிளக் ஸ்பேனர், ஸ்பேர் பிளக், ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், ஸ்டார்ட்டர் கயிறு, ஒரு முழம் பெட்ரோல் ட்யூப், கிளிப், இன்சுலேஷன் டேப், டார்ச், புரொப்பல்லரில் சுற்றிய வலையை அறுக்க ஒரு கத்தி. படகில் ஓட்டை விழுந்தால் அடைக்கப் பழைய துணியும் ரப்பர் துண்டும் வேண்டும். தண்ணீர் இறைக்க ஒரு டப்பாவும் வேண்டும். எம்-சீல் காய்ந்த இடத்தில்தான் நன்றாகப் பிடிக்கும் என்பதால், அதைக் கரை சேர்ந்த பிறகு பூசிக்கொள்ளலாம். மூங்கில் பரிசல் என்றால் கரையில் தார் பூசிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, படகோடு கட்டி வையுங்கள். ஸ்பேனருக்கும் பிளேயருக்கும் ஒரு சின்னக் கயிறு கட்டிவிடுங்கள். ஈரக்கை வழுக்கினால் அவை காவிரிக்குள் போய்விடும். மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்தால் துருப்பிடிக்காது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டி லைஃப் ஜாக்கெட்டுக்கோ துடுப்புக்கோ மாற்று அல்ல. அவை இல்லாத படகு கரையை விட்டுக் கிளம்பவே கூடாது.

மேட்டூரிலிருந்து உபரி நீர் அதிகமாகத் திறந்தால் பூலாம்பட்டியில் படகை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாட்களில் மோட்டாரையும் டூல் பாக்ஸையும் ஒருமுறை சரிபார்க்கலாமே? படகுத்துறையை ஏலம் விடுகிறவர்களும் லைஃப் ஜாக்கெட், துடுப்பு, டூல் பாக்ஸ் மூன்றும் கட்டாயம் என்று நிபந்தனையில் எழுதலாமே?

படகோட்டிகள் நம் அண்ணன் தம்பிகள்தான். அடுத்த முறை ஏறும்போது, “டூல் பாக்ஸ் இருக்காங்கண்ணா?” என்று உரிமையோடு கேளுங்கள். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் நாற்பது படகில் பெட்டி வந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்