இறாலுக்கு இரையாகும் ‘மெட்ராஸ்’ புழு: பெயர் சரியாகத் தெரிவது ஏன் முக்கியம்?

நீலகிரி எமரால்டில் கேரட் தோட்டத்தைக் கொத்தினால் மண்புழு நெளியும். அதற்குக் கடலோரத்தில் தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறது: பாலிகீட் புழு. உடல் அதே வளைய வளையமாகத்தான் இருக்கும். ஆனால் இரு பக்கமும் கால் மாதிரி மடல்கள், அவற்றில் முள் போன்ற மயிர்கள்.

இந்தக் கூட்டத்தில் ‘மார்ஃபைசா’ என்ற பேரினத்துக்கு மார்க்கெட் உண்டு. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலுக்கு இது தீனி. கழிமுகச் சேற்றைத் தோண்டி இதை எடுத்து விற்பது பலருக்குப் பிழைப்பு.

குழப்பம் எங்கே ஆரம்பித்தது?

1813-ல் இங்கிலாந்தின் டெவன் கடலோரப் புழு ஒன்றுக்கு ‘சாங்குவினியா’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு உலகின் பல கடல்களில் கிடைத்த, பார்க்க ஒரே மாதிரி இருந்த புழுக்களுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். மயிர், தாடை, செவுள், டிஎன்ஏ எல்லாம் ஒப்பிட்டபோதுதான் அவை வெவ்வேறு சிற்றினங்கள் என்று தெரிந்தது. 2003-ல் ஆஸ்திரேலியாவில் ‘முல்லாவா’, 2017-ல் பிரான்சில் ‘விக்டோரி’ எனத் தனிப் பெயர்கள் வந்தன.

இந்தியாவில் என்ன நிலை?

1921-லேயே ஒடிசாவின் சிலிகா ஏரியிலிருந்து ‘கிரேவ்லியி’ பதிவானது. 1920 முதல் 1940 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த எஃப்.எச். கிரேவ்லியின் பெயர் அது. 2020-ல் தென்னிந்தியக் கழிமுகத்திலிருந்து, இறால் தீனிக்காகப் பிடிக்கப்படும் புழு ஒன்று ‘மார்ஃபைசா மெட்ராசி’ என்ற புதிய சிற்றினமாக அறிவிக்கப்பட்டது.

சரி, இதனால நமக்கென்ன?

இறால் பண்ணைகளைக் காலி செய்யும் வெள்ளைப்புள்ளி நோய் வைரஸை மார்ஃபைசா புழுக்கள் சுமந்து, தாய் இறாலுக்குக் கடத்தலாம் என்று 2005-ல் சென்னை சிபா ஆய்வாளர்கள் காட்டினர். வட தமிழகக் கடலோரப் புழுக்களை வைத்து நடந்த ஆய்வு அது. ஆனால் அதில் பேரினப் பெயர் மட்டும்தான் இருந்தது. எந்தச் சிற்றினம் என்ற விவரம் இல்லை.

சிக்கலே அங்கேதான். இனப்பெருக்கக் காலமும் தாங்கும் உப்பின் அளவும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறலாம். சேற்றைத் தோண்டுவதை விட்டு, நோயில்லாத புழுவைத் தொட்டியில் வளர்க்க வேண்டுமென்றால், எந்தப் புழு என்பதுதான் முதல் கேள்வி. அதற்கான பதில் இப்போதுதான் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது.