முதல் சொல்லிலேயே நிறுத்துங்கள்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது உடற்கல்வி ஆசிரியர். போன வாரம் போன் செய்தான். குறுவட்ட வாலிபால் போட்டிக்கு நடுவராகப் போயிருக்கிறான். ஒரு பந்தை அவுட் என்று கொடுத்ததற்கு ஒரு பள்ளியின் பயிற்சியாளர், "எவ்வளவு வாங்கினே?" என்று மைதானமே கேட்கும்படி கத்தியிருக்கிறார். அவரும் ஆசிரியர்தான். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிட்டான். "பொறுத்துப்போனது சரிதானே சார்?" என்று கேட்டான்.

சரியில்லை என்றேன்.

வாலிபாலில் நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை களத்தில் நிற்கும் கேப்டனுக்குத்தான். பயிற்சியாளர் சிறிதாக எல்லை மீறினால் எச்சரிக்கை, பிறகு மஞ்சள் அட்டை. மரியாதைக் குறைவாகப் பேசினால் சிவப்பு அட்டை. எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீஸும் போகும். வசைச்சொல் வந்தால் இரண்டு அட்டைகளையும் சேர்த்துக் காட்டலாம்; அந்த செட் முடியும்வரை அவர் வெளியே. கால்பந்திலும் 2019 முதல் பயிற்சியாளருக்கே அட்டை உண்டு. விதி இருக்கிறது. நமக்குத்தான் தயக்கம்.

அந்தத் தயக்கமும் புரிகிறது. "அவர் சீனியர் சார். அடுத்த போட்டிக்கு நான் டீமைக் கூட்டிப்போனால் அவர் விசில் ஊதுவார்" என்றான். பள்ளிப் போட்டிகளில் இன்றைய பயிற்சியாளர்தான் நாளைய நடுவர். நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டுமே என்று விட்டுவிடுகிறோம்.

அவன் சொன்ன இன்னொன்றுதான் என் மனதை உறுத்தியது. அடுத்த செட்டில் அந்தப் பள்ளியின் 13 வயதுக் கேப்டன் விரலை நீட்டி, "நல்லாப் பாருய்யா" என்றானாம். அந்தப் பையனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

நடுவராகப் போகும் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன்பே இரு பயிற்சியாளர்களிடமும் எல்லையைச் சொல்லிவிடுங்கள். முதல் தப்பான சொல்லிலேயே ஆட்டத்தை நிறுத்துங்கள். பதிலுக்குக் கத்தாதீர்கள், வாதாடாதீர்கள். அட்டையைக் காட்டி, ஸ்கோர் ஷீட்டில் எழுதச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். உங்கள் தீர்ப்பும் சில நேரம் தவறாகும். அதைக் கேப்டன் மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்லுங்கள்.

போட்டி நடத்துகிறவர்களே, "விடுங்க சார், வயசுல பெரியவர்" என்று நடுவரைச் சமாதானம் செய்ய வராதீர்கள். பெரியவருக்குத்தானே கூடுதல் பொறுப்பு?

உங்களில் உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள்? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.