துருத்தி என்னும் பழம்பெயர்

குத்தாலம் என்று கூறியவுடன் அருவியை நினைப்போர் தமிழகத்தில் மிகப் பலர். அருவி வீழ்வது தென்காசியை அடுத்த குற்றாலத்தில். காவிரி நீர் பாயும் நம் குத்தாலம் மயிலாடுதுறைக்கு மேற்கே, நெல்வயல்கள் சூழ அமைந்தது. இரண்டும் தேவாரப் பாடல் பெற்ற தலங்களே. ஆயினும் ஓரெழுத்து மயக்கத்தால் ஒன்றன் புகழில் மற்றொன்று மறைந்து நிற்கிறது.

தேவாரத்தில் இவ்வூரின் பெயர் திருத்துருத்தி. துருத்தி என்பது ஆற்றிடைக்குறை. அஃதாவது ஆற்றின் நடுவே அமைந்த மேட்டு நிலம். இன்று இவ்வூர் காவிரியின் தென்கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் நீர் இருமருங்கும் ஓடியிருத்தல் வேண்டும் என்பதை அப்பெயரே காட்டுகிறது. ஆறு தடம் மாறிய செய்தி ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது எனின் மிகையாகாது. ஊர்ப்பெயர் ஆய்வை ஒதுக்கும் தமிழ் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்கட்டும். உத்தால மரம் தலமரமாதலின் குத்தாலம் என்னும் பெயர் வந்ததென்பர்.

மூவராலும் பாடப்பெற்ற பெருமை இத்தலத்திற்கு உண்டு. சம்பந்தரும் சுந்தரரும் இதனையும் வடகரையிலுள்ள வேள்விக்குடியையும் ஒரே பதிகத்தில் இணைத்துப் பாடினர். பகலில் துருத்தியிலும் இரவில் வேள்விக்குடியிலும் இறைவன் உறைவதாகக் கூறும் அம்மரபு, ஆற்றின் இருகரை மக்களும் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்தமைக்குச் சான்று. (பாண்டியர் செப்பேட்டால் புகழ்பெற்ற வேள்விக்குடி வேறு, அதனையும் இதனையும் குழப்புவோர் உளர்.) சுந்தரர் தம் உடற்பிணி இங்கு நீராடியபின் நீங்கப்பெற்றார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. கார்த்திகைக் கடைஞாயிற்றில் மக்கள் இன்றும் இங்குக் காவிரியில் நீராடுகின்றனர். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய கோயில்களுள் இவ்வூர்க் கோயிலும் எண்ணப்படுகிறது.

அருகிலுள்ள தேரழுந்தூரையும் ஈண்டு நினைத்தல் தகும். கம்பர் பிறந்த ஊர். திருமங்கையாழ்வார் பாடிய பெருமாள் கோயிலும் பழைய சிவாலயமும் உள்ள ஊர். முஸ்லிம் மக்கள் திரளாக வாழும் ஊர். நாகூரில் பிறந்த நீதியரசர் மு. மு. இஸ்மாயில் அவர்கள் (1921–2005) கம்பனில் தோய்ந்து சென்னைக் கம்பன் கழகத்தைத் தலைமையேற்று நடத்தியதை அறிந்தோர்க்கு, தேரழுந்தூரின் இவ்வமைப்பில் வியப்பேதும் தோன்றாது. காவிரிக் கரையில் தமிழ் எல்லார்க்கும் பொதுச்சொத்தாகவே இருந்து வந்துள்ளது.

ஆனால் அச்சொத்துக்குக் கணக்கு எழுதுவோர் யார்? கல்வெட்டுகளின்மீது சுண்ணாம்பு பூசுவது நம் ஊர்களில் புதிதன்று. கோயிலின் தலபுராணம் ஓரளவு அச்சேறுகிறது. பள்ளிவாசல்களின் பழைய வக்ஃபுப் பத்திரங்களும், குளம் குட்டைகளின் பெயர்களும், வாய்க்கால் முறைப்பாட்டு வழக்கங்களும் எவர் கையிலும் ஏறுவதில்லை. தஞ்சை மாவட்டத்தில் இருந்த குத்தாலம் 1991இல் நாகை மாவட்டத்திற்கும், 2020இல் மயிலாடுதுறை மாவட்டத்திற்கும் மாறியது. பழைய ஆவணம் ஒன்றைத் தேடுவோர் எந்த அலுவலகப் படியேறுவது என்றே திகைக்க நேரும்.

ஆண்டுதோறும் நம் துறை மாணவர்கள் நூலகத்து நூல்களைக் கொண்டே கட்டுரை ஒப்படைக்கின்றனர். அதற்கு மாற்றாக ஒவ்வொருவரும் தம் ஊர் முதியோரிடம் சென்று, ஊரின் பழம்பெயர், குளம், வாய்க்கால், கோயில், பள்ளிவாசல் பற்றி அவர் கூறுவதைக் கூறியவாறே எழுதி வரட்டும். ஜமாஅத்துப் பெரியவர்களும் கோயில் பொறுப்பாளர்களும் தம் பெட்டிகளிலுள்ள பழந்தாள்களைப் படியெடுக்க இசைய வேண்டும். அவ்வெழுத்துகளைத் தொகுத்து வைக்கத் துறையில் ஓர் அலமாரி ஒதுக்குவது நிருவாகத்திற்கு அரிய செயலன்று.

குத்தாலம் வட்டத்து மாணவர்கள் இவ்வாண்டே இதனைத் தொடங்கலாம்.