யந்திரங்களின் ஆயுட் பரீட்சை

விளக்கொன்றை வாங்குகிறவர் அதன் பெட்டியின்மேல் ‘ஆயுள் 25,000 மணி’ என்று அச்சிட்டிருக்கக் கண்டு மகிழ்ந்து வீடு செல்கின்றனர். அவ்வெண் எங்ஙனம் பிறந்தது என்று வினவுவார் மிகச் சிலரே. விளக்கை அணையாது எரித்து அதனை மெய்ப்பிக்க வேண்டின் ஏறக்குறைய 2 ஆண்டு 10 மாதம் செல்லும். அத்துணைக் காலம் பொறுத்திருந்து சரக்கை அனுப்பும் வியாபாரி யார்? ஆகவே, மின்னணுக் கருவிகளை அடுப்புப் போன்றதோர் அறையிலிட்டு, வெப்பத்தையும் ஈரத்தையும் மிகுவித்து, முதுமையை விரைந்து வருவித்துப் பார்க்கின்றனர்.

இம்முறைக்கு ஆதாரம் ஸ்வீடன் தேசத்து ரசாயன அறிஞர் அர்ஹீனியஸ் 1889ஆம் ஆண்டில் வெளியிட்ட சூத்திரமாகும். வெப்பம் 10 டிகிரி ஏறுந்தோறும் கேடு ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது அதனை ஒட்டி வழங்கும் கைக்கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி உழைக்கும் மின்தேக்கி, 65 டிகிரியில் 32,000 மணி உழைக்கும் என்று சொல்வது இக்கணக்கைக் கொண்டே. கணக்கில் பிழையில்லை. ஆயினும் அடுப்பானது தன்னுள் இடப்பட்டதையே சோதிக்கும், இடாததைச் சோதியாது.

நமக்கு உறவினர் ஒருவர் கம்பத்திற்குத் தெற்கே பன்னீர்த் திராட்சை பயிரிடுகின்றார். கைப்பேசியால் கிணற்று மோட்டாரை இயக்கும் பெட்டியொன்றை வாங்கி வைத்தார். இரண்டாவது தென்மேற்குக் காற்று ஓயுமுன் பெட்டியும் ஓய்ந்தது. திறந்து பார்த்தோம். பலகையின்மேல் செம்மண் படிந்திருந்தது. ஒரு மூலையில் எறும்புப் புற்று. நடுவே கருகிய பல்லி. விற்றவரோ, “ஆயிரம் மணி நேரம் சோதித்த சரக்கு, ஐயா” என்றார். அவர் பொய் சொன்னாரென்று நாம் கருதவில்லை. அந்த ஆயிரம் மணி நேரத்தில் பல்லி இல்லை, புழுதி இல்லை, மாலையில் தாழ்ந்து நள்ளிரவில் ஏறும் மின்னழுத்தமும் இல்லை, அவ்வளவே. காய் பருக்கும் தருணத்தில் நான்கு நாள் நீரின்றிக் கிடந்த கொடிகளின் நஷ்டம் உறவினரைச் சேர்ந்தது.

இதற்கு மாறான பொறுமையும் நம் ஜில்லாவின் பெயரோடு தொடர்புற்றிருக்கிறது. பொட்டிப்புரத்தருகே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆராய்ச்சிக் கூடம் அமைக்க 2015ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய மந்திரிசபை இசைவளித்தது. எதிர்ப்பினாலும் வழக்கினாலும் அது எழவில்லை. அவ்வழக்கில் நாம் ஈண்டுப் புகவில்லை. அங்கே 50,000 டன் இரும்புத் தகடுகளினிடையே கண்ணாடியாலான உணர்கருவிகள் 28,800 வைப்பதாகத் திட்டம். மலைக்குள் அடுக்கியபின் அவை பல்லாண்டு பழுதின்றி உழைத்தாக வேண்டும். ஆதலின் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் சிறு மாதிரிகளை இரண்டாண்டுக்கு மேல் இரவுபகலாக இயக்கி, சூழ்ந்திருந்த காற்றின் வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றையும் உடன் குறித்து வந்தனர். பின்னர் 85 டன் எடையுள்ள சிறு பதிப்பொன்று மதுரையில் நிறுவப்பட்டது.

இவ்வளவு எச்சரிக்கை ஏனெனில், ஜப்பான் தேசத்து பெல் என்னும் சோதனையில் இத்தகைய கருவிகள் அமைத்த சில காலத்திலேயே தளர்ந்தன. குற்றம் கண்ணாடியில் இல்லை. வாயுவைக் கொணர்ந்த பிளாஸ்டிக் குழாய்களின் சுவரூடே காற்றின் ஈரம் கசிந்து உட்புகுந்தது. செம்புக் குழாய் மாற்றியபின் தொல்லை நீங்கிற்று. குழாயை யார் ஐயுற்றிருப்பர்!

நாம் கேட்பது பெரிதன்று. எத்தனை டிகிரி வெப்பத்தில், எவ்வளவு ஈரத்தில், எத்தனை மணி நேரம், எத்தனை கருவிகளைச் சோதித்தனர், அவற்றுள் எத்தனை பழுதாயின என்பதைப் பெட்டியின்மேல் அச்சிட்டாலென்ன? ஆயுளை மட்டும் பெரிய எழுத்தில் இட்டு, அது கணக்கிட்டு அறிந்ததா கண்டறிந்ததா என்பதை மறைப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் நியாயமன்று. தோட்டக்காரருக்கு விலையைவிட இச்செய்தி பயன்படும்.

நம் பௌதிக வகுப்பினர்க்கும் ஒரு விண்ணப்பம். தேனியிலிருந்தும் போடியிலிருந்தும் வரும் மாணவர் நம்மிடையே உளர். ஒரே வகைப் பெட்டிகளுள் ஒன்றைக் கூடலூர்க் கிணற்றடியிலும், ஒன்றை மழை ஓயாத ஏலத்தோட்டத்திலும், ஒன்றைப் பரீட்சைச் சாலையிலும் வைத்து நாட்குறிப்பு எழுதி வரட்டும். இரண்டு காற்றுக் காலம் போதும். அக்குறிப்பை இம்மலரிலேயே காண விரும்புகின்றோம். பல்லியையும் விடாமல் எழுதுக.