வலைவீச்சு

"குற்றவாளியைப் போலீசார் வலைவீசித் தேடி வருகின்றனர்." இந்த வாக்கியம் நம் தினசரிகளுக்கு வாய்ப்பாடு ஆகிவிட்டது. நாமும் காப்பியை ஆற்றிக்கொண்டே அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் போகிறோம். எனக்கு அதில் இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. ஒன்று, 'குற்றவாளி'. மற்றொன்று, 'வலை'.

குற்றவாளி என்று யார் தீர்மானித்தார்கள்? ஆள் இன்னும் அகப்படவே இல்லை. சாட்சி விசாரணை நடக்கவில்லை. அவன் தரப்பை ஒருவரும் கேட்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் குறிப்பெடுத்த நிருபர், ஜட்ஜ் பல மாதம் உட்கார்ந்து செய்ய வேண்டிய காரியத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்!

சட்டம் இப்படி அவசரப்படுவதில்லை. வாரண்ட் பிறப்பித்தும் ஒருவன் ஒளிந்து திரிகிறான் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் கோர்ட் பிரகடனம் வெளியிடலாம். இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் ஆஜராக வேண்டும் என்று எழுதி, குறைந்தது 30 நாள் தவணை தர வேண்டும். அவன் வசிக்கும் ஊரில் பலரறிய வாசிக்க வேண்டும். அவன் வீட்டிலோ, ஊரில் கண்ணில் படும் இடத்திலோ ஒட்ட வேண்டும். கோர்ட்டிலும் ஒட்ட வேண்டும். 1973ஆம் வருஷத்துச் சட்டத்தில் 82ஆவது பிரிவாக இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 84ஆவது பிரிவாக இருக்கிறது. அதற்கும் அவன் வராவிட்டால், கடுமையான தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டும், கோர்ட் விசாரித்து, 'தேடப்படும் குற்றவாளி' என்று அறிவிக்கலாம். அப்போதும் குற்றம் ருசுவாகிவிட்டதாக அர்த்தமில்லை. கோர்ட் இத்தனை படி ஏறிக் கொடுக்கும் பட்டத்தைப் பத்திரிகை முதல் நாளே சூட்டிவிடுகிறது.

இனி, வலை. கரைவலை இழுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு நுனியைக் கரையில் பிடித்துக்கொண்டு, படகில் கடலை வளைத்துப் போட்டு, இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். மடியில் என்னென்ன விழுந்தது என்பது கரைக்கு வந்த பிறகுதான் தெரியும். மீனுக்கு அது சரி. மனிதனைத் தேடுகிறவனுக்குப் பெயர் வேண்டும், முகம் வேண்டும், அவன்மேல் சந்தேகப்படக் காரணம் வேண்டும். அவை இல்லாதபோதுதான் வலை தேவைப்படுகிறது.

மனிதர்மேல் வலை வீசினால் என்ன ஆகும் என்பதை நம் ஜில்லாக்கள் அனுபவித்திருக்கின்றன. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. தனி மனிதன் செய்த குற்றத்தைக் கேட்காமல், ஜாதி ஜாதியாகக் கைரேகை எடுத்தார்கள். இரவில் ஸ்டேஷனுக்கு வந்து படுக்கச் சொன்னார்கள். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் கைரேகை தர மறுத்த பிரமலைக் கள்ளர் பலர் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 வரையிலும், தேசம் முழுவதும் ஒழிய 1952 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் போனாலும், அதன் மனோபாவத்துக்கு ஏற்ற சொல் நம் பாஷையில் சௌக்கியமாக இருக்கிறது.

"வெறும் அலங்காரச் சொல், இதற்கு இவ்வளவு ஆவேசமா? கொலைகாரனைத் தேடக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகத் தேடட்டும். ஆனால் பத்திரிகையில் அந்தச் சொல் வந்த மறுநாள், அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் வாங்குகிறான்? இரண்டு வருஷம் கழித்து அவன் தகப்பன் விடுதலையானால், அதே பக்கத்தில், அதே எழுத்தில், 'வலையைச் சுருட்டிவிட்டோம்' என்று போடுகிறார்களா?

"இன்னார்மீது இன்ன வழக்கு; போலீசார் தேடுகிறார்கள்" என்று எழுதினால் செய்தியில் எதுவும் குறைந்துவிடாது. பத்திரிகாசிரியர்கள் நாளைக் காலையிலிருந்தே அப்படி எழுதலாம். எழுதாதவர்களுக்கு வாசகர்களாகிய நீங்கள் ஒரு கார்டு போட்டுக் கேளுங்கள்.