உயிருக்கு என்ன விலை போட்டிருக்கிறீர்கள்?

வியாபாரப் பெருமக்களே! இளைஞர்களே!

கார் வாங்கப் போகும் நம்மவர்கள் ஷோரூமில் என்ன கேட்கிறார்கள்? மைலேஜ் எவ்வளவு? ஏ.சி. எப்படி? நாளைக்கு விற்றால் என்ன விலை போகும்? இடித்தால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்று கேட்பவர் நூற்றில் எத்தனை பேர்? அலாய் வீலுக்கும் ஸ்டீரியோவுக்கும் ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுப்பவர், பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னால், "அது வீண் செலவு பாய்" என்கிறார்.

சரி, வியாபாரிகளாகவே கணக்குப் பார்ப்போம்.

செலவே இல்லாத லாபம்

சீட் பெல்ட் காரோடு வருகிறது. அதற்கான விலையை ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள். இனி செலவு, அதை மாட்டும் இரண்டு நொடிதான். லாபம் என்ன? முன் இருக்கையில் இருப்பவர் இறக்கும் வாய்ப்பை அது ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2022-ம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் சீட் பெல்ட் அணியாதவர்கள் 16,715 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அதில் ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. அதாவது பாதிப் பேர் ஸ்டீயரிங்கைத் தொடாதவர்கள்!

"பின்னால்தானே உட்கார்ந்திருக்கிறேன்" என்பவர்களுக்கு ஒன்று நினைவிருக்கட்டும். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே பெருந்தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலத்தின் சுவரில் மோதியது. விலையுயர்ந்த வெளிநாட்டுக் கார்! முன்னால் இருந்த இருவர் காயங்களோடு பிழைத்தனர். பின்னால் இருந்த இருவரும் இறந்தனர். அவர்கள் பெல்ட் அணியவில்லை என்றது போலீஸ். கோடிகளால் தர முடியாத காப்பை ஒரு நாடா தந்திருக்கலாம்.

பலூன் மட்டும் போதுமா?

ஏர்பேக் இருக்கிறதே என்று பெல்ட்டை விட்டுவிடாதீர்கள். கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் பை அது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்பவரை அதுவே காயப்படுத்தும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காருவது அதைவிடப் பெரிய ஆபத்து.

ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022 ஜனவரியில் மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது. சிறிய கார்களின் விலை ஏறும், ஏழை வாங்க முடியாது என்றன கம்பெனிகள். ஓராண்டு தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில், கட்டாயமில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரியே சொல்லிவிட்டார். ஏற்றுமதியாகும் காரில் ஆறு ஏர்பேக் வைப்பவர்கள் உள்நாட்டில் ஏன் தயங்குகிறார்கள் என்று முன்பு கேட்டவரும் அவர்தான்! விலை ஏறும் என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஏழையின் பெயரைச் சொல்லி ஏழையின் உயிரையா குறைத்து மதிப்பிடுவது?

இப்படிப்பட்ட கணக்கு உலகத்துக்குப் புதிதல்ல. வாகனம் கவிழும்போது பெட்ரோல் கசிந்து தீப்பிடிப்பதைத் தடுக்க ஒரு வண்டிக்கு 11 டாலர் ஆகும் என்று 1973-ல் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனியில் கணக்கிட்டார்கள். ஓர் உயிருக்கு, அரசுத் துறை குறித்திருந்த 2 லட்சம் டாலர் என்ற மதிப்பையே எடுத்துக்கொண்டார்கள். மொத்தச் செலவு 13 கோடியே 70 லட்சம் டாலர். லாபம் 4 கோடியே 95 லட்சம். கட்டுப்படியாகாது என்று முடித்தார்கள்! பின்னாளில் அந்தத் தாள் வெளியே வந்தபோது உலகமே காறித் துப்பியது.

நாம் விற்கும் சரக்கு

கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! பெல்ட் அணியாமலே அலாரத்தை ஊமையாக்கும் கிளிப்பைக் கடையில் தொங்கவிட்டிருக்கிறீர்களா? 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் நிறுவனங்களில் இதன் விற்பனைக்குத் தடை போட்டது. 13,118 பட்டியல்கள் நீக்கப்பட்டன. முன்பக்கம் மாட்டும் கம்பித் தடுப்பு சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு அரசு எழுதிவிட்டது. அது ஏர்பேக் சென்சாரின் வேலையைக் கெடுக்கக்கூடியது. மோதப்படும் பாதசாரியையும் கொல்லும். நாலு காசு லாபத்துக்காக வாங்குபவரின் உயிருக்கு ஆபத்தை விற்பது நியாயமான வியாபாரம்தானா?

"மவுத்து எழுதிய நேரத்தில் வரும், பெல்ட்டா தடுக்கும்?" என்கிறார்கள் சிலர். அப்படியானால் இரவில் கடைக்கு ஏன் இரண்டு பூட்டுப் போடுகிறீர்கள்? சரக்குக்குப் பூட்டு, பிள்ளைகளுக்கு விதியா?

இளைஞர்களே! அடுத்த பயணத்தில் எல்லோரும் பெல்ட் போடும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள். பழைய காராக இருந்தால் பின் இருக்கைக்கு அடியில் புதைந்து கிடக்கும் பெல்ட்டைத் தோண்டி எடுங்கள். புதிய கார் வாங்கினால், 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் சோதனையில் அது எத்தனை நட்சத்திரம் பெற்றது என்று கேளுங்கள். சீட் பெல்ட் போடாவிட்டால் அபராதம் ஆயிரம் ரூபாய். ஆனால் போலீஸுக்குப் பயந்து செக்போஸ்டில் மாட்டி, தாண்டியதும் கழற்றுவது யாரை ஏமாற்றுவதற்கு?

சிந்திப்பீர்!